டிரேடிங் கற்றுக்கொள்ள எதில் பணம் போடலாம்: புத்தகமா, வகுப்பா, யூடியூபா, நேரடியாகச் சந்தையா?

"அண்ணா, கையில 15,000 ரூபாய் இருக்கு. ஒரு ஆன்லைன் வகுப்பு 12,000 கேக்கறாங்க. அதுல சேரட்டுமா, நாலு நல்ல புத்தகம் வாங்கட்டுமா, இல்ல மொத்தத்தையும் டீமேட் கணக்குல போட்டு நேரா பழகட்டுமா?"

போன மாதம் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. வேறு வேறு தொகையில், வேறு வேறு வார்த்தையில் பலரும் இதையே கேட்கிறார்கள். "புத்தகம் படிச்சு நீச்சல் கத்துக்க முடியுமா, இறங்கு" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. "படிக்காம இறங்கினா மூழ்கிடுவே" என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. இரண்டிலும் பாதி உண்மை இருப்பதால்தான் கேட்பவர் குழம்பிப்போகிறார். ஒவ்வொரு வழியும் எதைத் தரும், எதைத் தராது, கண்ணுக்குத் தெரியாமல் எவ்வளவு பிடுங்கும் என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு கணக்கு. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளுக்கு எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற ஒப்பந்தங்கள்) டிரேடிங்கை ஆராய்ந்து, 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி ஓர் அறிக்கை வெளியிட்டது. தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். செலவுகளையும் சேர்த்தால் ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய். மூன்று ஆண்டுகளில் மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவு போக 1 லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1% தான். 2023-24ல் இதில் இருந்தவர்களில் முக்கால்வாசிக்கும் மேலானோர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே என்று சொன்னவர்கள். அவர்களுக்கு 2 லட்சம் என்பது பல மாதச் சம்பளம்.

அதனால் "எது சீக்கிரம் லாபம் தரும்" என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைப்போம். கற்கும் காலத்தில் எது உங்கள் நஷ்டத்தைக் குறைவாக வைத்திருக்கும் என்பதே என் முதல் அளவுகோல்.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த வகை அறிவு கிடைக்கிறது? டிரேடிங்கில் நான்கு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. கருத்து: ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை) என்றால் என்ன, ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை நிறுத்த முன்பே வைக்கும் விலை) ஏன். விதி: லாட் அளவு (ஒரு ஒப்பந்தத்தில் எத்தனை), மார்ஜின் (பிணையாகக் கட்டும் பணம்), வரி. கைப்பழக்கம்: ஆர்டர் போடுவது, வெளியேறுவது. அப்புறம் உங்கள் மனசு. ஒரே வழி நான்கையும் தராது.

முழுச் செலவு என்ன? விலைப்பட்டியலில் இருப்பது மட்டும் செலவு கிடையாது. அந்த வழி உங்களை எவ்வளவு டிரேடு செய்யத் தூண்டுகிறது என்பதும் செலவுதான்.

எவ்வளவு சீக்கிரம் பழசாகும்?

சொல்லிக்கொடுப்பவருக்கு உங்களால் எந்த வழியில் பணம் வருகிறது? பலர் கேட்க மறப்பது இதைத்தான். எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

நீங்கள் செய்யும் தப்பு உங்களுக்குத் தெரியவருமா?

## புத்தகம்

புத்தகத்தின் பெரிய பலம், அது அவசரப்படுத்தாது. 600 ரூபாய் கொடுத்து வாங்கியதும் எழுதியவருக்கும் உங்களுக்கும் கணக்கு முடிந்துவிடுகிறது. நீங்கள் நாளைக்குப் பத்து டிரேடு செய்தாலும், ஒரு வருடம் சும்மா இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். நான்காவது அளவுகோலில் புத்தகத்துக்கு இணை எதுவுமே இல்லை.

காலத்தால் மாறாத கணக்கைச் சொல்ல அதைவிட நல்ல இடமும் இல்லை. போட்ட பணத்தில் 50% போய்விட்டால், பழைய இடத்துக்கு வர 100% சம்பாதிக்க வேண்டும். 20% போனால் 25%. 10% போனால் 11% கொஞ்சம் கூட. இந்த மூன்று வரி மனதில் பதிந்தவர், விழும் பங்கை மேலும் மேலும் வாங்கி ஆவரேஜ் செய்வதற்கு முன் ஒரு தடவை நிற்பார்.

இன்னொரு கணக்கு. உங்கள் முறைக்குச் சரிபாதி வெற்றி வாய்ப்பு என்று வையுங்கள். 100 டிரேடுகளுக்குள் எங்கேயாவது தொடர்ந்து 6 நஷ்டம் வர பாதிக்கும் மேல் சாத்தியம் உண்டு. இது தெரியாதவர் நாலாவது நஷ்டத்திலேயே முறையை மாற்றிவிடுவார். இல்லையென்றால் "போனதை எடுத்தே ஆகணும்" என்று இரண்டு மடங்கு போடுவார். தெரிந்தவர் அதற்கேற்ற அளவில் டிரேடு செய்வார். போட்ட பணம் 1 லட்சம், ஒரு டிரேடில் அதிகபட்சம் 1% இழக்கலாம் என்றால் அது 1,000 ரூபாய். 500 ரூபாய் பங்கை வாங்கி 490ல் ஸ்டாப் லாஸ் வைத்தால், ஒரு பங்குக்கு 10 ரூபாய் ரிஸ்க். அப்படியென்றால் 100 பங்கு, அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். எத்தனை பங்கு என்பதை இப்படி நஷ்டத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதை எனக்கு ஒரு புத்தகம்தான் சொல்லித்தந்தது. அதற்கு முன் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறதோ அத்தனைக்கும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

டிரேடிங்கைக் கற்றுத்தரவே முடியுமா என்ற கேள்விக்கு 1983ல் சிகாகோவில் ஒரு சோதனையே நடந்தது. ரிச்சர்ட் டென்னிஸ் என்ற பிரபல டிரேடர் முடியும் என்றார். அவருடைய கூட்டாளி வில்லியம் எக்கார்ட் முடியாது என்றார். ஆட்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் விதிகளைச் சொல்லிக்கொடுத்து, டென்னிஸ் தன் சொந்தப் பணத்தை அவர்கள் கையில் கொடுத்தார். பலர் நன்றாகச் சம்பாதித்தார்கள். பிற்பாடு அந்த விதிகள் ஊருக்கே தெரிந்துபோயின. இதே டென்னிஸ்தான் ஒரு பேட்டியில், டிரேடிங் விதிகளைச் செய்தித்தாளிலேயே அச்சடித்தாலும் யாரும் பின்பற்ற மாட்டார்கள் என்ற பொருளில் சொன்னார். புத்தகத்தின் எல்லையும் அதுதான். விதி அச்சில் கிடைக்கும். ஆறாவது நஷ்டத்துக்குப் பிறகு ஏழாவது ஆர்டரை அதே அளவில் போடும் மனசை நீங்கள்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

சரி, புத்தகம் எங்கே ஏமாற்றுகிறது?

முதலாவது, ஊர் வேறு. கடையில் கிடைக்கும் பிரபலமான டிரேடிங் புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்கச் சந்தையை வைத்து எழுதப்பட்டவை. அங்கே பங்கைக் கடன் வாங்கி விற்று நாள் கணக்கில் வைத்திருப்பதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். இங்கே கேஷ் சந்தையில் (பங்குகளையே நேரடியாக வாங்கி விற்கும் இடம்) கையில் இல்லாமல் காலையில் விற்றதை மாலைக்குள் திரும்ப வாங்கியாக வேண்டும். பங்கு அப்பர் சர்க்யூட்டில் (அன்றைய விலையின் உச்சவரம்பு) போய் உட்கார்ந்துவிட்டால் வாங்கவே முடியாது. பிறகு அது ஏலத்துக்குப் போய், அபராத விலையோடு உங்கள் கணக்கில் வந்து விழும். அதேபோல, ஆப்ஷனை முன்கூட்டியே எக்சர்சைஸ் செய்வது (உரிமையைப் பயன்படுத்துவது) பற்றி அங்கே அத்தியாயம் அத்தியாயமாக எழுதியிருப்பார்கள். இந்தியாவில் 2011 ஜனவரியிலிருந்து பங்கு ஆப்ஷன்களும் ஐரோப்பிய வகைக்கு மாறிவிட்டன. எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் நாள்) அன்றுதான் எக்சர்சைஸ். அந்தப் பக்கங்கள் நமக்குப் பயன்படாது.

இரண்டாவது, பழசாவது. பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டியின் லாட் அளவை மட்டும் பாருங்கள். 50 ஆக இருந்தது 2024 ஏப்ரலில் 25 ஆனது. அதே ஆண்டு நவம்பரில் 75. 2026 ஜனவரியில் 65. வாராந்திர எக்ஸ்பைரி வியாழனிலிருந்து செவ்வாய்க்குப் போனது 2025 செப்டம்பரில். வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டிக்கு வாராந்திர எக்ஸ்பைரியே 2024 நவம்பரோடு நின்றுவிட்டது. "வியாழக்கிழமை பேங்க் நிஃப்டி" என்று யாராவது உத்தி எழுதிவைத்திருந்தால் அந்தப் புத்தகம் இனி பழைய காலண்டர்தான். விதி எதையும் அச்சுப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள்.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. வெளியே தெரிந்த உத்தி மெலிந்துபோகும். அமெரிக்கப் பங்குகளின் லாபத்தை முன்கூட்டிச் சொல்வதாக ஆய்விதழ்களில் வந்த 97 குறியீடுகளை மெக்லீன், பான்டிஃப் என்ற இரு ஆய்வாளர்கள் திரும்பச் சோதித்தார்கள். கட்டுரை வெளிவந்த பிறகு அவற்றின் லாபம் சராசரியாக 58% குறைந்திருந்தது. 2016ல் வந்த ஆய்வு அது. பேராசிரியர்கள் கடுமையாகச் சோதித்து எழுதியதற்கே அந்தக் கதி. அட்டையில் "தினமும் நிச்சய லாபம்" என்று போட்டிருக்கும் 250 ரூபாய்ப் புத்தகத்திலிருந்து வேலை செய்யும் உத்தி கிடைக்கும் என்று நம்புவதற்குக் காரணமே இல்லை.

நான்காவது, புத்தகத்தில் வரும் சார்ட் எல்லாம் நடந்து முடிந்த பிறகு பொறுக்கி எடுத்தவை. வேலை செய்த ஹேமர் கேண்டில் என்ற சார்ட் வடிவம்தான் பக்கத்தில் இருக்கும். வேலை செய்யாத நூறு ஹேமர்களை யாரும் அச்சடிப்பதில்லை. வெற்றிக் கதைகளிலும் இதே கதைதான். அமெரிக்க டிரேடர் ஜெஸ்ஸி லிவர்மோரின் வாழ்க்கையைத் தழுவி 1923ல் வந்த புத்தகத்தை டிரேடர்கள் இன்றும் வேதம் மாதிரி படிக்கிறார்கள். நானும் ரசித்துப் படித்தேன். ஆனால் அதே லிவர்மோர் 1934ல் திவாலானார் என்பது, 1923ல் முடிந்த புத்தகத்தில் எப்படி வரும்?

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், படிப்பதே ஒரு ஒளிவிடமாக மாறிவிடும். ஒன்பது புத்தகம் படித்துவிட்டுப் பத்தாவதைத் தேடுபவர்களை எனக்குத் தெரியும். முதல் இரண்டில் இருந்ததை ஒரு வாரம்கூட கடைப்பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்றாவது புத்தகத்திலிருந்து பெரும்பாலும் திரும்பச் சொல்வதுதான்.

தமிழில் படிக்க விரும்புபவர்களுக்குச் சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' வரிசை அடிப்படையைப் பிடித்துக்கொள்ளப் பல ஆண்டுகளாக உதவிவருகிறது. எஃப் அண்ட் ஓவுக்கும் டிரேடிங்குக்கும் அதில் தனித்தனிப் பாகங்கள் உண்டு. சொல் பழகுவதற்குத் தாய்மொழியில் ஒரு தடவை படிப்பது பெரிய உதவி. விதிகளை மட்டும் இன்றைய நிலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வாங்கும் முன் பார்த்துவிடலாம் என்றால், சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள்.

புத்தகம் யாருக்குச் சரி: இன்னும் ஆரம்பிக்காதவருக்கு. அப்புறம், ஆறு மாதம் டிரேடு செய்து அடி வாங்கி, ஏன் என்று புரியாமல் நிற்பவருக்கு. என்னைக் கேட்டால் இரண்டாமவருக்குத்தான் அது அதிகம் கொடுக்கும்.

அதற்கு என் நோட்டே சாட்சி. ஆரம்பத்தில் மூன்று மாதத்தில் 64 இன்ட்ராடே (வாங்கி அன்றே விற்கும்) டிரேடு செய்திருக்கிறேன். 35 லாபம், 29 நஷ்டம். பாதிக்கு மேல் ஜெயித்தும் 18,200 ரூபாய் போய்விட்டது. எனக்குக் காரணமே தெரியவில்லை. "உங்கள் சராசரி லாபத்தையும் சராசரி நஷ்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்" என்று ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு எழுதினேன். லாபம் சராசரி 350, நஷ்டம் 1,050. கொஞ்சம் பச்சை தெரிந்ததும் பயந்து விற்றிருக்கிறேன். சிவப்பை "திரும்பி வரும்" என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பழக்கத்துக்கு ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இருவர் 1985லேயே பெயர் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பது புத்தகத்தில் இருந்தது. விடை என் நோட்டில் இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் பல மாதம் அதையே செய்திருப்பேன்.

## இலவசப் பாடங்கள்

புத்தகம் விதியில் தோற்கிறது என்றால், அந்த ஓட்டையை அடைப்பது இது. செபியின் கல்வி நிறுவனமான என்ஐஎஸ்எம் சான்றிதழ்த் தேர்வுகளை நடத்துகிறது. ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸுக்கான எட்டாம் வரிசைத் தேர்வின் பாடநூலைப் படித்தால், மார்ஜின் எப்படிப் பிடிக்கிறார்கள், செட்டில்மெண்ட் (பணமும் பங்கும் கைமாறுவது) எப்படி நடக்கிறது என்பதெல்லாம் இந்திய விதிப்படி தெரியும். பெரிய டிஸ்கவுண்ட் புரோக்கர்கள் இலவசமாக வைத்திருக்கும் பாடத் தொகுப்புகளில் சில, நான் காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களைவிடத் தெளிவாக இருக்கின்றன.

ஒரே உதாரணம் சொல்கிறேன். பங்கு ஆப்ஷன் ஒன்றை எக்ஸ்பைரி வரை வைத்திருந்து அது லாபத்தில் முடிந்தால், இந்தியாவில் பணமாகத் தர மாட்டார்கள். பங்கையே டெலிவரி எடுக்க அல்லது கொடுக்க வேண்டும். 8,000 ரூபாய் பிரீமியம் (ஆப்ஷனின் விலை) கட்டி வாங்கியவரிடம் கடைசி நாட்களில் லட்சக்கணக்கில் மார்ஜின் கேட்பார்கள். இது தெரியாமல் மாட்டியவர்கள் பலர். இலவசப் பாடத்தில் ஒரே ஒரு பக்கம்.

மறைந்திருக்கும் செலவு: புரோக்கரின் பாடம் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஆர்டரிலும் அவருக்கு வருமானம். பாடம் முடிந்த அடுத்த பக்கத்தில் கணக்குத் தொடங்கும் பொத்தான் இருக்கும். என்ஐஎஸ்எம் பாடநூலில் அந்தச் சிக்கல் இல்லை. அதன் சிக்கல் வேறு: தேர்வுக்காக எழுதப்பட்டது, வறட்சியாக இருக்கும், எப்போது வாங்குவது என்று எங்கும் சொல்லாது.

யாருக்குச் சரி: எல்லோருக்கும். இதைப் படிக்காமல் எஃப் அண்ட் ஓவில் கால் வைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பேன்.

## யூடியூப், டெலிகிராம்

இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது. ஆர்டர் வகை என்ன, கான்ட்ராக்ட் நோட்டை (புரோக்கர் தரும் டிரேடு கணக்குச் சீட்டு) எப்படிப் படிப்பது, வருமான வரிப் படிவத்தில் எங்கே காட்டுவது போன்றவற்றுக்குத் தமிழ் யூடியூபில் பொறுமையாகச் சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே பழகலாம், புத்தகத்தால் அது முடியாது.

பார்ப்பவர் கவனிக்க வேண்டியது வருமான வழியை. வீடியோவுக்குக் கீழே கணக்குத் தொடங்கும் இணைப்பு இருந்தால், நீங்கள் டிரேடு செய்யும் வரை அவருக்கும் பங்கு போகலாம். அப்படிப்பட்டவரிடமிருந்து "இந்த மாதம் சும்மா இருங்கள்" என்ற வார்த்தை அபூர்வமாகத்தான் வரும்.

டெலிகிராம் டிப்ஸ் கற்றல் வழியே கிடையாது. வாங்கச் சொன்னவர் ஏற்கெனவே வாங்கிவைத்திருந்தால், நீங்கள் வாங்கும்போது அவர் விற்றுக்கொண்டிருப்பார். சிறிய நிறுவனப் பங்குகளில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. பரிந்துரை சொல்ல செபியில் பதிவு வேண்டும். ரிசர்ச் அனலிஸ்ட் பதிவு எண் ஐஎன்ஹெச் என்றும், முதலீட்டு ஆலோசகர் எண் ஐஎன்ஏ என்றும் ஆரம்பிக்கும். செபி தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

யாருக்குச் சரி: குறிப்பிட்ட ஒரு கேள்வியோடு போய், விடை கிடைத்ததும் மூடிவிடுபவருக்கு.

## கட்டண வகுப்பு

சில ஆயிரத்தில் ஆரம்பித்து லட்சம் வரை கேட்கிறார்கள். நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் வேறு எந்த வழியும் தராத ஒன்றை அவர் தருவார்: உங்கள் டிரேடுகளைப் பார்த்து "இங்கேதான் தம்பி தப்பு" என்று விரல் வைத்துக் காட்டுவது. ஐந்தாவது அளவுகோலில் அது தங்கம். ஆனால் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஜூம் வகுப்பில் அது நடக்காது. அங்கே நடப்பது புத்தகத்தை வாயால் படிப்பதுதான், இருபது மடங்கு விலைக்கு.

நான் ஒரு வார இறுதி வகுப்புக்குப் போயிருக்கிறேன். இரண்டு நாளும் முந்தைய மாதச் சார்ட்டைக் காட்டி, "இங்கே வாங்கியிருக்கணும், இங்கே வித்திருக்கணும்" என்றார்கள். ஞாயிறு மாலை "இது அடிப்படைதான், உண்மையான உத்தி அட்வான்ஸ்டு வகுப்பில்" என்று அடுத்த கட்டணத்தைச் சொன்னார்கள். ஒரு கேள்வி கேட்டேன்: "சார், உங்க போன வருஷக் கான்ட்ராக்ட் நோட் பார்க்கலாமா?" பேச்சு மாறிவிட்டது.

செபியும் இதைக் கவனிக்கிறது. 2023 அக்டோபரில், பயிற்சி என்ற பெயரில் பங்குப் பரிந்துரை செய்த ஒருவரின் தரப்பை 17 கோடி ரூபாய்க்கு மேல் தனிக்கணக்கில் போடச் சொல்லி உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் வந்த விளக்கத்தில், கல்வி மட்டும் தருவதாகச் சொல்பவர்கள் கடைசி மூன்று மாத விலைத் தகவலை வைத்துப் பங்குகளைப் பற்றிப் பேசக்கூடாது என்று வரையறுத்தது. ஆகவே "லைவ் சந்தையில் என்னோடு சேர்ந்து டிரேடு செய்யுங்கள்" என்று பதிவில்லாத ஒருவர் அழைத்தால், அந்த அழைப்பே விலகிப்போகச் சொல்லும் அடையாளம்.

பெரிய மறைசெலவு கட்டணத்தில் இல்லை. 40,000 கட்டியவருக்கு அதைச் சந்தையில் எடுத்தாக வேண்டும் என்ற வெறி வந்துவிடும். வகுப்பு முடிந்த முதல் மாதம் அவர் தகுதிக்கு மீறிய அளவில் டிரேடு செய்வார்.

யாருக்குச் சரி: குறைந்தது 100 டிரேடுகளின் பதிவு கையில் இருந்து, அதைத் தனியாக உட்கார்ந்து பார்க்கும் ஒருவர் கிடைத்தால். ஆரம்பிப்பவருக்கு வேண்டாம்.

## பேப்பர் டிரேடிங்

பணம் போடாமல் பயிற்சித் தளத்தில் பழகுவது. பொத்தான்கள் பழகும், ஆர்டர் வகைகள் குழம்பாது. அதற்கு இரண்டு வாரம் போதும். அதற்கு மேல் நீட்டினால் பொய்யான தைரியம் வரும். நீங்கள் கேட்ட விலையில் எல்லாம் ஆர்டர் நிறைவேறிவிடும், மனசும் பதறாது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் நிஃப்டி கிட்டத்தட்ட 6% விழுந்தது. அன்றைக்கு ஆப்ஷன் விலைகள் குதித்த குதியில் ஸ்டாப் லாஸ் எந்த விலையில் போய் நின்றது என்பதைக் கையில் பணம் வைத்திருந்தவரைக் கேளுங்கள். பேப்பரில் அது ஒரு எண் மட்டும்.

## நேரடியாகச் சிறிய பணம்

"இறங்கினாத்தான் தெரியும்" என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மனசைப் பற்றிய பாடம் வேறெங்கும் கிடையாது. ஆனால் இறங்கினால் மட்டும் தெரிந்துவிடுமா? பிரேசிலில் 2013 முதல் 2015 வரை ஃப்யூச்சர்ஸில் டே டிரேடிங் ஆரம்பித்தவர்களை மூன்று ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களிலும் 97% பேருக்கு நஷ்டம். இங்கே, 2022-23ல் கேஷ் சந்தையில் இன்ட்ராடே செய்தவர்களில் 10ல் 7 பேருக்கு நஷ்டம் என்கிறது செபி. வருடத்துக்கு 500 டிரேடுக்கு மேல் செய்தவர்களில் அது 80%. அதிகம் செய்தவர்களுக்குத்தான் அதிக அடி. பழக்கம் மட்டுமே ஆசான் என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

காரணத்தில் ஒரு பகுதி சாதாரணக் கூட்டல்தான். 10,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கி அதே நாளில் விற்கிறீர்கள். டிஸ்கவுண்ட் புரோக்கரிடம் ஒரு பக்கத்துக்கு 0.03% என்றால் இரண்டு பக்கமும் 6 ரூபாய். எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 10, 11 ரூபாய் ஆகும். அற்பமாகத் தெரியும். தினம் ஐந்து டிரேடு, மாதம் 20 நாள் செய்தால் 100 டிரேடு. ஆயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. உங்கள் முதலில் 10%, ஒரே மாதத்தில், சந்தை உங்களுக்கு எதிராக நகராமலேயே.

அதனால் சிறிய பணம் என்பதோடு சிறிய எண்ணிக்கை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேஷ் சந்தையில், அதிகம் கைமாறும் பெரிய நிறுவனப் பங்குகளில், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று டிரேடு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நோட்டில் நான்கு வரி: ஏன் வாங்குகிறேன், எங்கே தப்பு என்று ஒப்புக்கொள்வேன், எத்தனை பங்கு, எவ்வளவு போகும். முடிந்த பிறகு ஐந்தாவது வரி: எழுதியபடி செய்தேனா?

யாருக்குச் சரி: புத்தகமும் விதியும் ஒரு சுற்று முடித்தவருக்கு. கடன் வாங்கிய பணம், வீட்டு வாடகைப் பணம், நகை அடகு வைத்த பணம் எதுவும் இதற்குள் வரக்கூடாது.

## ஒரே பார்வையில்

| வழி | நன்றாகத் தருவது | தராதது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| புத்தகம் | ரிஸ்க் கணக்கு, சிந்திக்கும் முறை | இன்றைய விதி, கைப்பழக்கம் | படித்துக்கொண்டே தள்ளிப்போடுவது |
| இலவசப் பாடம் | இந்திய விதி, சொற்கள் | எப்போது வாங்குவது, விற்பது | புரோக்கரின் பாடமானால் அதிகம் டிரேடு செய்யும் தூண்டுதல் |
| யூடியூப் | திரையைக் காட்டிச் சொல்வது | வரிசையான பாடம் | இணைப்பு வழிக் கமிஷன், நேரம் |
| கட்டண வகுப்பு | தனிக் கவனம் இருந்தால் தப்பைத் திருத்துவது | உத்தரவாதமான உத்தி | கட்டியதை மீட்கும் அவசரம் |
| பேப்பர் டிரேடிங் | ஆர்டர் பழக்கம் | மனசின் சோதனை | பொய்யான தைரியம் |
| சிறிய பணம் | உங்களைப் பற்றிய உண்மை | ஏன் தோற்றீர்கள் என்ற விளக்கம் | டிரேடு எண்ணிக்கையால் ஏறும் கட்டணம் |

## அந்த 15,000 ரூபாய்

தம்பிக்கு நான் சொன்ன பதில் இது. வகுப்பை இப்போதைக்கு விடுங்கள். 1,500 ரூபாய்க்குள் இரண்டு புத்தகம்: தமிழில் அடிப்படைக்கு ஒன்று, ரிஸ்க்கையும் மனசையும் பேசும் ஒன்று. உத்திப் புத்தகம் வேண்டாம். கூடவே என்ஐஎஸ்எம் பாடநூல். தேர்வு எழுத விருப்பமிருந்தால் அதற்கான கட்டணத்தை எடுத்துவையுங்கள். கெடு இருந்தால்தான் சிலருக்குப் படிப்பு ஓடும். இதற்கு இரண்டு மாதம் ஆகட்டும். கடைசி இரண்டு வாரம் பேப்பர் டிரேடிங்.

மூன்றாவது மாதம் 10,000 ரூபாயைக் கணக்கில் போடுங்கள். ஒரு டிரேடில் 100 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. ஆப்ஷன் பக்கம் போக வேண்டாம். ஒரு லாட்டிலேயே இந்த 100 ரூபாய் வரம்பு தாண்டிப்போகும். 50 டிரேடு முடியும்வரை தொகையைக் கூட்டாதீர்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று என்றால் நாலைந்து மாதம் ஓடும். மீதியிருக்கும் சில ஆயிரம் பத்திரமாக இருக்கட்டும்.

50 டிரேடு முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு அதே புத்தகத்தைத் திரும்பப் படியுங்கள். முதல் தடவை சும்மா தாண்டிப்போன பத்தியெல்லாம் உங்களைப் பற்றியே எழுதியிருப்பது போலத் தெரியும்.

"அம்பது டிரேடுக்கு அஞ்சு மாசமா? அதுக்குள்ள அந்த வகுப்பு முடிஞ்சு நான் சம்பாதிக்கவே ஆரம்பிச்சிருப்பேனே" என்றார் தம்பி. வகுப்பு நடத்துபவரிடம் போன ஆண்டின் கான்ட்ராக்ட் நோட்டும் வருமான வரிப் படிவமும் கேட்டுப் பாருங்கள், காட்டினால் சேருங்கள் என்றேன். போன வாரம் போன் செய்தார். இன்னும் காட்டவில்லையாம். புத்தகத்தில் மூன்றாவது அத்தியாயம் வந்திருக்கிறார்.